கொளஞ்சியம்மாள் காபி குடித்த சனிக்கிழமை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் தாட்சாயிணியின் ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு வழக்கு ஜெயிக்குமா என்பது தெரியாது; காபி நன்றாக இருக்கும் என்பது தெரியும். எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் சமாதானம் பேச வந்து, சமாதானத்துக்கு ஒப்புக்கொள்ளாமல், இரண்டு டம்ளர் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போன கதையைக் கோர்ட்டு வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள்.

அந்தக் காபியைப் போடுகிறவர் கொளஞ்சியம்மாள். வயது ஐம்பத்து நான்கு. சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்தில் கரும்பு போடுகிற குடும்பத்தில் பிறந்து, தாய்மாமன் மகன் ஞானசேகரனைக் கட்டிக்கொண்டு சிதம்பரம் வந்தவர். தினமும் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால் ஒன்பது மணிக்கெல்லாம் மஞ்சக்குப்பம். ஆபீஸைத் திறந்து, பெருக்கி, அன்றைய கேஸ் கட்டுகளை மேசையில் அடுக்கிவிட்டு அடுப்பைப் பற்ற வைப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதுதான். ஒரு நாளைக்கு நாற்பது டம்ளர், திங்கட்கிழமையானால் அறுபது. யாருக்குச் சர்க்கரை கூடாது, யாருக்கு நுரை வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அழுதுகொண்டு வந்திருக்கும் கட்சிக்காரருக்கு டம்ளரை மேசையில் வைக்கக் கூடாது, கையில் கொடுத்து, அவர் பிடித்துக்கொண்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். இதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் மகள் இளவரசியிடமிருந்து போன் வந்தது.

இளவரசிக்கு இருபத்தேழு வயது. பெங்களூரில் காபிக்கொட்டை வறுக்கும் கம்பெனி ஒன்றில் நான்கு வருஷம் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று ஊருக்கு வந்திருந்தாள். மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிர்ச் சந்தில் எட்டடி அகலத்தில் ஒரு கடை பிடித்து, தச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒரே ஒரு காபிதான் விற்பது என்பது அவள் முடிவு. ஒரே தோட்டத்தில் விளைந்தது. வேறு தோட்டத்துக் கொட்டையோ சிக்கரியோ சேராதது. பால் ஊற்றாமல் குடிக்க வேண்டியது.

"ம்மா, மூணு தோட்டத்துலேருந்து சாம்பிள் வந்துருக்கு. எத எடுக்கறதுன்னு நீதான் சொல்லணும்."

"நானா? நீதானடி அதப் படிச்சிட்டு வந்தவ?"

"படிச்சதுதான் தொல்ல. அங்க எல்லாரும் மூக்க விட்டு மோந்துட்டு புளூபெர்ரிம்பாங்க. நானும் தலைய ஆட்டிக்கிட்டு எழுதிக்குவேன். புளூபெர்ரிய நான் கண்ணால பார்த்ததில்ல. கடலூர்ல வந்து குடிக்கப் போறவனும் பார்த்திருக்க மாட்டான். எனக்கு இந்த ஊரு நாக்கு வேணும். உன் நாக்கு."

போனை வைத்ததும் குமாஸ்தா கார்த்திகேசன் விசாரித்தார். ஒன்றும் காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருப்பதும் எல்லாவற்றையும் கேட்டுவிடுவதும் அவர் வழக்கம்.

"என்னாக்கா, பாப்பா என்னா விக்கப் போவுது?"

"சிங்கிள் ஆரிஜின் காபியாம்."

"சிங்கிளா? சிங்கிள் டீ மாதிரி அர டம்ளரா? அரையக் குடுத்துட்டு முழுக் காச வாங்கிக்குமா? பொழச்சிக்கும் பொண்ணு."

"பண்ருட்டிப் பலான்னு ஊரு பேரு சொல்லி வித்தா ஓடிப் போயி வாங்கற இல்ல? பேரு சொல்லாம ரோட்டோரம் குவிச்சி வச்சிருந்தா திரும்பிப் பார்க்கறியா? அந்த மாதிரிதான். எங்க வெளஞ்சிதுன்னு சொல்லிக் குடுக்கறது."

கார்த்திகேசன் யோசித்தார். "அது பலாப்பழம்க்கா. இது காபி."

கொளஞ்சியம்மாள் டம்ளர்களைக் கழுவப் போனார். அவருக்குமே அந்தச் சந்தேகம்தான்.

விஷயம் விளையாட்டில்லை. சேர்வராயன் மலை, தாண்டிக்குடி, சிக்மகளூர் என்று மூன்று இடத்திலிருந்து வந்த சாம்பிள்கள். மூன்று தோட்டக்காரர்களிடமும் கையிருப்பு கொஞ்சம்தான். சனிக்கிழமை பதினொரு மணிக்குள் சொல்லாவிட்டால் மூட்டைகள் வேறு ஊருக்குப் போய்விடும். அவளால் ஒன்றைத்தான் எடுக்க முடியும். எடுத்ததுதான் அடுத்த அறுவடை வரைக்கும் கடை. பெங்களூர்க் கம்பெனியோ அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. "மாசக் கடைசி வரைக்கும் யோசி" என்று சொல்லியிருந்தார்கள். பணிமனையில் பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஞானசேகரன் இரண்டு வாரமாக அதையே வேறு வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொளஞ்சியம்மாள் வீட்டுக்கு வந்தபோது சமையல்மேடையில் மூன்று காகிதப் பொட்டலங்கள் இருந்தன. மேலே பென்சிலால் 1, 2, 3. தூள் அரைத்தே வைத்திருந்தது. இளவரசி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நீ இருந்து போட்டுக் குடுக்க வேண்டியதுதான?"

"நான் நின்னா என் மூஞ்சியப் பார்த்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிடுவ. நீ தனியா குடி. பால் வேணாம், சர்க்கர வேணாம். வந்து கேக்கறேன்."

வீட்டுப் பித்தளை ஃபில்டர் ஒன்று. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது இரண்டு. மூன்றிலும் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினார் கொளஞ்சியம்மாள். கூடத்தில் ஞானசேகரனும் பக்கத்து வீட்டுத் தங்கராசுவும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். டிகாஷன் இறங்கியதும் பாலும் சர்க்கரையும் கலந்து அவர்களுக்கு ஆளுக்கொரு டம்ளர், மூன்றாவதை ஆளுக்குப் பாதி.

"மச்சான், நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ கொறையுது" என்றார் தங்கராசு.

"சிக்கரி கொறையுது" என்றார் ஞானசேகரன், சிவப்புக் காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொளஞ்சியம்மாள் ஃபில்டரில் மறுபடி வெந்நீர் ஊற்றி, இறங்கும் வரை காத்திருந்து, சமையலறையில் நின்றபடியே ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்தார். அவசரப்படவில்லை. நடுவில் வாய் கொப்பளித்துக்கொண்டார். மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டுகூடக் குடித்தார். பிறகு மேடையைத் துடைத்துவிட்டு மகளுக்காகக் காத்திருந்தார்.

ஏழரை மணிக்கு இளவரசி வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"சொல்லும்மா."

வக்கீல் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் இருந்தும் கொளஞ்சியம்மாளுக்குப் பொய் வராது. மகள் அவரிடம் கேட்டதும் அதற்காகத்தான்.

"மூணும் ஒண்ணுதான்டி. ஒண்ணுலயும் ஒண்ணுமில்ல. வெந்நித் தண்ணிதான்."

"ஒண்ணுல கூடவா?"

"நானும் தேடித் தேடிப் பார்த்தேன், கண்ணு."

இளவரசி தலையாட்டினாள். வாதாடவில்லை. கைகால் கழுவி, இரண்டு தோசை சாப்பிட்டு, திரும்பி வருவதாகப் பெங்களூருக்கு ஒரு மெசேஜ் அடித்தாள். அனுப்பவில்லை, அடித்ததை அடித்தபடியே வைத்துவிட்டாள். "அந்தச் சீட்டு இன்னும் காலியாத்தான இருக்கு?" என்றார் ஞானசேகரன். தான் சொன்னதுதான் நடக்கிறது என்றாலும் அவர் குரலில் அந்தச் சந்தோஷம் இல்லை. கொளஞ்சியம்மாள் மகள் சாப்பிட்ட தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். அவருக்கு ஆகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஆபீஸ் கிடையாது. ஒன்பது மணி சுமாருக்கு இளவரசி போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். அம்மா வழக்கமான காபியைப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் டம்ளரில் டிகாஷன் விழுந்தது. அவள் டம்ளரில் விழுந்தது. பிறகு ஃபில்டரின் மேல்கிண்ணத்தைத் திறந்து, அதே தூளின்மேல் மறுபடி வெந்நீர்.

பிறந்ததிலிருந்து பார்த்துவரும் காட்சி. அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"ம்மா, நேத்து மொத டிகாஷன என்னா பண்ண?"

"அப்பாவுக்கும் தங்கராசண்ணனுக்கும் கலந்து குடுத்தேன்."

"அப்ப நீ எதக் குடிச்ச?"

"எதன்னா? என் காபியத்தான்."

அந்த வீட்டில் 'என் காபி' என்றால் இரண்டாம் தண்ணீர். ஆபீசிலும் அதுதான்: கெட்டியானது வக்கீலம்மாவுக்கும் கட்சிக்காரர்களுக்கும் போய், எல்லாரும் குடித்து முடித்து, கோர்ட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு பதினொன்றரை மணிக்கு மிச்சமிருப்பது. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததே இல்லை. அது அவர் காபி, அவ்வளவுதான். கடைத் தூளில் சிக்கரி இருப்பதால் இரண்டாம் தண்ணீருக்கும் நிறம் வரும், ஒரு கசப்பு வரும், காபி என்று நம்பிக் குடிக்கலாம். மகள் கொண்டுவந்த தூளில் சிக்கரி இல்லை. கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தது வேறு. இருந்ததெல்லாம் முதல் தண்ணீரோடு இறங்கி, பாலில் கலந்து, கேரம் போர்டுக்குப் போய்விட்டது.

இளவரசி முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண் நிறைந்துவிட்டது. சத்தம் கேட்டு ஞானசேகரன் துண்டோடு வந்தார்.

"என்னாச்சி?"

"ப்பா, அம்மா தெனம் எந்த டிகாஷன் குடிக்கும்னு தெரியுமா?"

ஞானசேகரன், பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டி நுழையும்போதே சத்தத்தை வைத்து எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொன்ன மனிதர். வெகுநேரம் யோசித்தார்.

"எல்லாத்துக்கும் ஒரே காபிதான?"

"இல்லப்பா."

அவர் மேடையின்மேல் இருந்த தன் டம்ளரைப் பார்த்தார். பக்கத்தில் வெளிறிக் கிடந்த மனைவியின் டம்ளரைப் பார்த்தார். "முப்பத்தோரு வருஷமாவா?" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

கொளஞ்சியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எதுக்கு ரெண்டு பேரும் எழவு வூட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க? எனக்கு இது புடிக்கும். மொத டிகாஷன் குடிச்சா நெஞ்சக் கரிக்கும்."

"குடிச்சிருக்கியா நீ?"

கொளஞ்சியம்மாள் ஃபில்டர் மூடியை எடுத்துத் துடைத்தார்.

"கல்யாணத்துக்கு முன்ன ஒருதபா."

இளவரசி எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பெங்களூரிலிருந்து கொண்டுவந்த சின்னத் தராசையும், கூம்பு மாதிரியான வடிகட்டியையும், அதில் வைக்கும் காகிதத்தையும் எடுத்து மேசையில் வைத்தாள். பொட்டலங்களில் ஒரு தடவைக்குப் போதுமான தூள்தான் மிச்சம். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பொட்டலத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்க குடு" என்றார் ஞானசேகரன். "எப்படி ஊத்தணும், சொல்லு."

"மொதல்ல தூள் நனையற அளவுக்கு. அது பொங்கி அடங்கணும். அப்பறம் நூல் மாதிரி, சுத்திச் சுத்தி."

"ஆயில் ஊத்தற மாதிரிதான."

அவர் ஊற்றினார். கெட்டிலின் மூக்கிலிருந்து வெந்நீர் அறுபடாமல் இறங்கியது. தூள் உப்பி, மேலே சின்னச் சின்னக் குமிழி விட்டு, அமுங்கியது. அந்த வீட்டில் அவர் காபி போடுவது அதுதான் முதல் தடவை என்பது மூன்று பேருக்கும் தெரியும். கொளஞ்சியம்மாள் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். டம்ளர் எடுக்க ஒரு தடவை, துணி எடுக்க ஒரு தடவை என்று இரண்டு தடவை எழுந்துவிட்டார்.

"ஒக்காரும்மா, ப்ளீஸ்."

ஒன்றாம் நம்பர் வந்தது. ஒரு வாய் குடித்தார். முகம் மாறியது. நேற்றுக் குடித்ததும் இதுவும் ஒரே பொட்டலம் என்று அவரால் நம்ப முடியவில்லை.

"நெலக்கடல வறுக்கற வாசன. நல்லாருக்குடி. ஆனா முழுங்குனதும் போயிடுது."

இரண்டாம் நம்பர். "நார்த்தங்கா. உரிக்கிறப்ப தோலு நகத்துல பீச்சியடிக்கும் பாரு, அது."

மூன்றாம் நம்பரைக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். டம்ளரை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"பலாப்பழம்" என்றார். "சுள இல்ல. ராத்திரி ரூம்ல பழத்த அறுத்து வச்சிட்டு, மறுநாள் காலையில கதவத் தொறந்தா அடிக்கும் பாரு."

இளவரசி தன் நோட்டைப் புரட்டினாள். மூன்றாம் நம்பர், சேர்வராயன் மலை. பெங்களூரில் அதைக் குடித்துப் பார்த்தவர்கள் சொன்னதாக அவள் எழுதி வைத்திருந்தது: புளூபெர்ரி, ஒயின். தோல் உரிக்காமல் பழத்தோடு வெயிலில் உலர்த்திய கொட்டை. அதனால் அந்தப் புளித்த பழ வாசனை. அவள் நான்கு வருஷம் தலையாட்டி எழுதிக்கொண்டிருந்த சொல்லுக்கு இப்போதுதான் அர்த்தம் கிடைத்தது. ஒரு வாய் குடித்தாள். பலாப்பழம். பண்ருட்டிச் சந்தையில் அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன பலாப்பழம்.

ஞானசேகரனும் மூன்றையும் குடித்துப் பார்த்தார். "எனக்கு மூணும் தண்ணியாத்தான் இருக்கு."

"தண்ணிதான் மாமா. அதுக்குள்ளதான் தேடணும். நீங்க கெட்டியாவே குடிச்சிப் பழகிட்டீங்க" என்றார் கொளஞ்சியம்மாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவர் தினமும் செய்துவந்த காரியம் அது: நிறம் போன தண்ணீரில் காபி எங்கே இருக்கிறது என்று தேடுவது.

மணி பத்து இருபது.

"அப்ப மூணா?" என்றாள் இளவரசி.

"இரு. ரெண்டாவதும் நல்லாருக்கு, மூணாவதும் நல்லாருக்கு. ஆறட்டும்."

"ஆறுன காபிய யாரும்மா குடிப்பா? பதினோரு மணிக்குள்ள சொல்லணும்."

"உன் கடைக்கு யாரு வரப் போறா? கோர்ட்டுக்கு வந்தவன், கலெக்டராபீசுக்கு மனு குடுக்க வந்தவன். டம்ளர வாங்கி ஒரு வாய் குடிப்பான். அப்பறம் கேஸ் என்னாவுமோன்னு ஒக்காந்துக்கினு இருப்பான். அர மணி நேரம் கழிச்சிதான் கையில காபி இருக்கறதே நெனப்பு வரும். நான் தெனம் பார்க்கறேன். மொத வாய் எல்லாக் கடையிலயும் நல்லாத்தான் இருக்கும். அவனுக்குக் கடைசி வாய் நல்லாருக்கணும்."

இளவரசி போனை மேசையில் வைத்தாள். நான்கு வருஷத்தில் பெங்களூரில் யாரும் இதைச் சொல்லவில்லை.

மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், மூன்று டம்ளர்கள் ஆறுவதற்காக. ஞானசேகரன் மின்விசிறியைக் கூட்டி வைக்கலாமா என்று கேட்டார். "வேணாம், தானா ஆறணும்" என்றார் கொளஞ்சியம்மாள். தங்கராசு வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "என்னா மச்சான், மூணு பேரும் காபி டம்ளரக் காவ காக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இளவரசியின் போன் இரண்டு தடவை ஒளிர்ந்து அணைந்தது. பெங்களூருக்கு அடித்த மெசேஜ் அதில் அப்படியே இருந்தது.

பத்து ஐம்பதுக்குக் கொளஞ்சியம்மாள் இரண்டாம் நம்பரை எடுத்தார். ஒரு வாய் குடித்ததுமே உதட்டைச் சுழித்தார்.

"புளிச்சிப் போச்சி. சூட்டுல மறஞ்சிருந்திருக்கு."

மூன்றாம் நம்பரை எடுத்தார். குடித்தார். டம்ளரை மகள் கையில் கொடுத்தார். மேசையில் வைக்கவில்லை, கையில் கொடுத்து, அவள் பிடித்துக்கொண்டாள் என்று தெரிந்த பிறகே விட்டார்.

இளவரசி குடித்தாள். பலாப்பழ வாசனை அடங்கியிருந்தது. அதற்குக் கீழே வேறொன்று மேலே வந்திருந்தது.

"ம்மா. இனிக்குது."

"இனிக்குதுல்ல?"

"சர்க்கர போடவே இல்லையே" என்றார் ஞானசேகரன். அவரும் வாங்கி ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். "ஆமா, கடேசியில ஏதோ இருக்கு" என்றார் தயக்கமாக. பிறகு மகளைப் பார்த்து, "அந்த பெங்களூர் மெசேஜ அழிச்சிடு" என்றார்.

பத்து ஐம்பத்தாறுக்கு இளவரசி சேர்வராயன் மலைக்குப் போன் போட்டாள். இரண்டு ரிங்கில் எடுத்தார் தோட்டக்காரர். மூட்டைகளை அவள் பேருக்கு ஒதுக்கச் சொன்னாள். எப்போது அனுப்புவது, எந்த லாரி ஷெட்டில் இறக்குவது என்றெல்லாம் பேசி முடித்த பிறகு அவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: என்ன ருசி தெரிந்தது?

"சூட்டுல பலாப்பழம். ஆறுனா இனிப்பு."

"பலாப்பழமா? பத்து வருஷமா விக்கிறேன், இதை யாரும் சொன்னதில்ல. ஆற வெச்சும் யாரும் குடிச்சுப் பார்த்ததில்ல. ஆனா கரெக்டுங்க. யார் சொன்னது?"

"எங்கம்மா."

"அப்படிங்களா! அம்மா என்ன பண்றாங்க?"

இளவரசி திரும்பிப் பார்த்தாள். அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்பாவிடமிருந்து டம்ளரைத் திரும்ப வாங்கியிருந்தார்.

"காபி குடிக்கிறாங்க" என்றாள்.